நாற்பத்தெட்டு நாள் மன்னிப்பு

ஜூன் 11, செவ்வாய்

நோட்டின் அட்டையில் ஒரு வெள்ளைப் புறா. அதற்குக் கீழே, "நான் அடங்கினால் வீடு அடங்கும், வீடு அடங்கினால் ஊர் அடங்கும், ஊர் அடங்கினால் உலகம் அடங்கும்" என்று அச்சடித்திருக்கிறது. அகவொளி மன்றத்தில் நாற்பத்தெட்டு நாள் சினம் தவிர் நோன்பு எடுப்பவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். கோபம் வந்ததா, யார் மேல் வந்தது, வந்தபோது என்ன செய்தோம் என்று தினமும் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருக்கிறது. தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது. கடைசி நாள் அமைதி விழாவில் விருப்பப்பட்டவர்கள் மேடையில் வாசிக்கலாம். அதுவரை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

முப்பது வருஷம் பாலர் பள்ளியில் பதிவேடு எழுதியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

என் பெயர் மயிலாத்தாள். வயது அறுபத்தொன்று. கோபிச்செட்டிபாளையத்தில் சொந்த வீடு, வீட்டில் நானும் அவரும்தான். அவர் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாசி மாதம் குளியலறையில் விழுந்தார், பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

பக்கத்து வீட்டு ராசாமணி அக்காதான், "உன்ற மூஞ்சி இறுகிப் போச்சு மயிலா, ஒரு நா வந்து உக்காந்துதான் பாரேன்" என்று மன்றத்துக்குக் கூட்டிப் போனார்.

இன்று கோபம் இல்லை. வாய் பேசாத மனுஷனிடம் என்ன கோபம் வரப்போகிறது.

ஜூன் 13, வியாழன்

கேழ்வரகுக் கஞ்சியைத் துப்பிவிட்டார். சேலையெல்லாம் கஞ்சி. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்ணத்தை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். துவைத்து, அலசி, காயப்போட்டு, தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஊட்டினேன். கஞ்சி ஆடை கட்டிப் போயிருந்தது. ஒரு வாய் விடாமல் சாப்பிட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சரிதான்.

கோபம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று வகுப்பு. சிவஞானம் ஐயா மன்னிப்புப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலே பஞ்சு மாதிரி இருக்கும். நமக்குக் கெடுதல் செய்தவர் எதிரே உட்கார வேண்டும். அவர் பெயரைச் சொல்லி, "நீ இன்ன நாளில் செய்த இன்ன காரியத்தை நான் முழு மனதோடு மன்னித்தேன்" என்று சொல்ல வேண்டும். குரல் உயரக் கூடாது. சுற்றிலும் சத்தமே இருக்கக் கூடாது.

நான் எழுந்து, "எங்கூட்டுக்காரரு பேரை நான் சொன்னதே இல்லீங்க. ஏனுங்கன்னு சொல்லிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரித்தார்கள்.

"பேரைச் சொன்னாத்தானுங்கம்மா மனசுல இருந்து எறங்கும். நீங்க நாங்கன்னு மரியாதையும் வேண்டாமுங்க. நீன்னே சொல்லுங்க. வாக்கியத்தை மாத்தப்படாதுங்க" என்றார் ஐயா.

அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். முப்பத்தாறு வருஷம் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ஒரு முறை வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயர் கேட்டார். நான் "சாமி பேருங்க, அதுக்குப் பின்னால மணிங்க" என்று முழித்துக்கொண்டிருந்தேன். மகள் சுகந்திக்கு அப்போது ஆறு வயது. கதவுக்குப் பின்னாலிருந்து "எங்கப்பா பேரு தெய்வசிகாமணி" என்று கத்தினாள். வந்தவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அன்று பொழுதோட அவளுக்கும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது.

ஜூன் 17, திங்கள்

பாத்திரம் கழுவும்போது தொட்டிக்குள் குனிந்து நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. பிறகு ஒரு வெறி வந்து சத்தமாகவே சொன்னேன். இடி ஒன்றும் விழவில்லை.

மத்தியானம் அவரைத் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "தெய்வசிகாமணி" என்றேன். அவர் கண் அப்படியே நின்றுவிட்டது. முதலில் சின்னதாக ஒன்றை எடுத்தேன். தலைத் தீபாவளிக்கு மறுநாள் ரசத்தில் உப்புக் கூடிப்போனதற்குச் சட்டியோடு என் மேல் வீசியது. தேதி, கிழமை, அன்று நான் கட்டியிருந்த சேலையின் நிறம் எல்லாம் சொல்லி மன்னித்தேன்.

இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

எனக்கு உடம்பு லேசாக இருந்தது. இரவு படுத்தவுடன் தூங்கிப்போனேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று மூன்று மன்னித்தேன். எனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒன்றை இழுத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருகிறது.

இன்று சொன்னதில் ஒன்று வாட்ச் பற்றியது. அடிக்க ஆரம்பிக்கும் முன்னால் வாட்ச்சைக் கழற்றி டிவி மேல் வைப்பார். ஸ்டீல் பட்டை டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் சுகந்தி எந்த விளையாட்டில் இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பிறகு, "சத்தம் வெளிய வரப்படாது" என்பார். நானும் சத்தம் போட்டதில்லை, முப்பத்தாறு வருஷமாக அக்கம்பக்கத்தில் எங்களை நல்ல குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள்.

அதையும் மன்னித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

வகுப்பில் அவர் அழுவதைச் சொன்னேன். சிவஞானம் ஐயா, "பாறை கரையுதுங்கம்மா. நிறுத்தீராதீங்க. ஒரு வீட்டுல இது நடந்தா ஊரே மாறுமுங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூலை 28 ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் அமைதி விழா, நானூறு பேர் வருவார்கள், நீங்கள் பேச வேண்டும் என்றார்.

என்னை ஒரு கூட்டத்தில் பேசச் சொல்வது இதுதான் முதல் தடவை. வரும் வழியில் ராசாமணி அக்கா, "நல்ல சேலையாக் கட்டிக்க" என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

சுகந்தி போன் செய்தாள். எட்டு வருஷத்தில் இது மூன்றாவது போன். அவள் ஓசூரில் இருக்கிறாள். கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள், வேறு சாதி. அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள் இந்த வாசல்படி மிதிக்கவில்லை. போகும்போது அவள் இடது மணிக்கட்டு உடைந்திருந்தது.

"அப்பாவுக்கு முடியலையாமா. எனக்கு இப்பத்தான் தெரியும். நான் வந்து பாக்கட்டுமாம்மா?" என்றாள்.

"நோன்புல இருக்கறன் சாமி. ஊட்டுல சலனம் வரப்படாதுன்னு சொல்லியிருக்காங்க. முடியட்டும், சொல்றன்" என்றேன்.

அவள் சரி என்றாள். நான் செய்தது சரிதான். வரிசையாக மன்னித்துக்கொண்டு வருகிறேன், இன்னும் சுகந்திக்கு நாலு வயதைத் தாண்டவில்லை. நடுவில் அவள் வந்து நின்றால் எல்லாம் குழம்பிவிடும்.

கோபம் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

காலையிலிருந்து இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டுகிறார். சுவரில் ஒரு ஆணிதான் இருக்கிறது. தண்ணீரா என்றேன், இல்லை. பேன் போடட்டுமா என்றேன், இல்லை. மறுபடி மறுபடி ஆணியைத்தான் காட்டுகிறார். எதற்கென்று தெரியவில்லை. மன்றத்து காலண்டர் சும்மா கிடந்தது, கொண்டு வந்து அந்த ஆணியில் மாட்டினேன். நாள் பார்க்க வசதியாக இருக்கும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 1, திங்கள்

இனி ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலை காப்பிக்குப் பிறகு, மத்தியானம், விளக்கு வைத்த பிறகு. இல்லாவிட்டால் இருபத்தெட்டாம் தேதிக்குள் முடியாது.

பேசும்போது என் வளையல் கலகலக்கிறது, அது இடைஞ்சலாக இருக்கிறது. சுமங்கலி கையை மூளியாக வைக்கக் கூடாதுதான். ஆனால் அரை மணி நேரம்தானே. கண்ணாடி வளையல் பன்னிரண்டையும் கழற்றி டிவி மேல் வைத்தேன். அந்த டிவி ஓடி நாலு வருஷம் ஆகிறது, சாமான் வைக்கத்தான் ஆகிறது.

ஜூலை 3, புதன்

விரிப்பு மாற்றும் வேலை கூடிவிட்டது. முன்பெல்லாம் நேரத்துக்குத்தான் போவார். இப்போது நான் வந்து வளையலைக் கழற்றும்போதே நனைத்துவிடுகிறார். மூன்று வேளையும் இதே கதைதான். நரம்பு தளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

ரப்பர் விரிப்பு இன்னும் ஒன்று வாங்க வேண்டும். கோபம் இல்லை, அலுப்புதான்.

ஜூலை 5, வெள்ளி

மாதாமாதம் வீட்டுக்கு வரும் நர்ஸ் செல்வி பிரஷர் பார்த்தாள். கூடியிருக்கிறதாம். போன மாதம் அவள் விரலைப் பிடித்தாராம், இப்போது பிடிக்கவில்லையாம். "எதையோ பாத்துப் பயப்படறாப்பல இருக்குதுங்கம்மா. ஊட்டுல யாராச்சும் சத்தங்கித்தம் போடறாங்களா?" என்று கேட்டாள்.

"இந்த ஊட்டுல சத்தமே இல்ல கண்ணு. வேணும்னா பக்கத்துல கேட்டுப் பாரு" என்றேன்.

மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். அப்போது மட்டும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, நான் போய் விரலைப் பிரித்துவிட்டேன். நாலு வீடு பார்க்கிற பெண், நேரமாகாதா.

ஜூலை 9, செவ்வாய்

புதுப் பழக்கம் ஒன்று. பெயரைச் சொன்னதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். எதிரே இருப்பவர் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் டம்ளரை அவர் உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கண்ணைத் தொறந்தாத்தான் தெய்வசிகாமணி" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பிடிவாதம். பிறகு திறந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் சுகந்தி ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தை முழுக்க மன்னித்தேன்.

நான் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் வாங்கியதில் கால் பங்கு கூட நான் திருப்பிக் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டேன், அப்படிப்பட்டவள் இல்லை நான். இதை விழாவில் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

சுகந்தி மறுபடியும் போன். நாளை மறுநாள் லீவு, காலை பஸ்ஸுக்கு வந்துவிட்டுப் பொழுதோட திரும்பிவிடுகிறேன் என்றாள்.

"உன்ற பேரை எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு சாமி. நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"இன்னமுமாம்மா?" என்றாள். அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

பொய் சொல்லக் கூடாது என்பதும் நோன்பில் உண்டு. ஜூன் 28-ஆம் தேதி அவர் முகத்தைத் திருப்பியது உண்மை. மேலே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

வகுப்பு. விழாவுக்கான பேச்சை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். ஐயாவுக்கு ரொம்பத் திருப்தி.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டு வைத்தேன். முப்பத்தாறு வருஷப் பழக்கமாக ராசாமணி அக்கா வந்தார், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மயிலா, சன்னல் பக்கந்தான் எங்கூட்டுத் துணிக்கல்லு. நீ பேசறது காதுல உழுகுது" என்றார்.

"நான் மெதுவாத்தானுங்க்கா பேசறன்."

"மெதுவாத்தான் பேசற. அதான் சொல்றன். நான் உன்னைய அங்க கூட்டிட்டுப் போனது மனசு ஆறட்டும்னுதான். போதும் மயிலா. அந்த மனுசன் வாயில்லாத சீவன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு வாய் இருந்ததா அப்போது? பக்கத்துச் சுவர்தானே, அன்றைக்கெல்லாம் அக்கா காதில் ஒன்றுமே விழவில்லையா? ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை. ஆனால் சொல்லவில்லை. சுட்ட தேங்காயில் பாதியைக் கொடுத்து அனுப்பினேன்.

கோபம் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

சுகந்தி ஐந்தாம் தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. வகுப்பில் போனை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. கரண்டியால் பால்தான். மறுபடியும் அந்த ஆணியைக் காட்டினார். காலண்டரைக் கழற்றிவிட்டு, "இதா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுகந்தி பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்து மெடல் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ அங்கே இருந்தது. அவள் போன அன்று அவரேதான் கழற்றி வீதியில் எறிந்தார். நான் போய் எடுத்து வைத்தேன். என் கூறைச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

காலண்டரைத் திரும்ப மாட்டினேன். கழற்றியவர் அவர். இப்போது மாட்டு என்றால் நான் மாட்ட வேண்டுமா?

ஜூலை 25, வியாழன்

பெரியதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விழா, இன்னும் தள்ளினால் ஆள் இருப்பாரோ இல்லையோ. விளக்கு வைத்துவிட்டு வந்து வளையலைக் கழற்றினேன்.

தெய்வசிகாமணி, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி பதினொன்றாம் தேதி, நீ வாட்ச்சைக் கழற்றி டிவி மேல் வைத்ததை மன்னித்தேன். பெற்ற பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்ததை மன்னித்தேன். பெல்ட்டை மன்னித்தேன். அவள் கை ஒடிந்த சத்தத்தை மன்னித்தேன். "கதவைச் சாத்து புள்ளே" என்று நீ சொல்ல, நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேனே, என்னை அப்படிச் சாத்த வைத்ததையும் மன்னித்தேன்.

பிறகு அவள் போன் செய்ததையும் சொன்னேன். பார்க்க வருகிறேன் என்று கெஞ்சியதைச் சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். பயிற்சியில் எதையும் மறைக்கக் கூடாது.

அவர் இடது கை எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பழைய பிடி இல்லை. வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது. "சத்தம் வெளிய வரப்படாது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது, இனி மன்னிக்க ஒன்றும் பாக்கி இல்லை.

கோபம் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

காலை ஐந்தரைக்குப் பால் கொண்டு போனேன். உடம்பு குளிர்ந்திருந்தது. கண் திறந்தபடி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சுகந்திக்கு நானே போன் செய்தேன்.

ஜூலை 27, சனி

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நேற்று மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்கள். சுகந்தியும் வந்தாள். தலையில் நரை தெரிகிறது, முப்பத்துநாலு வயதுதான் ஆகிறது. அவள் புருஷன் உள்ளே வராமல் பந்தலில் நின்றுகொண்டான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எடுப்பதற்கு முன்னால் வளையல் உடைக்க என்னை உட்கார வைத்தார்கள். பெரியவள் ஒருத்தி என் கையை எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நின்றாள். இரண்டு கையும் மூளியாக இருந்தது. முந்தின நாள் கழற்றியதை நான் திரும்பப் போடவே இல்லை.

"புருசன் இருக்கறப்பவேவா கழட்டுன?" என்று யாரோ கேட்டார்கள். ராசாமணி அக்கா மட்டும் தேடாமல் நேராகப் போய் டிவி மேலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டையும் என் கையில் ஏற்றிவிட்டு, பிறகு உடைத்தார்கள்.

சுகந்தி சுவரோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து குனிந்து, "அங்க எதுக்கும்மா கழட்டி வெச்ச?" என்றாள்.

"சத்தம் வராம இருக்கட்டும்னுதான்" என்றேன்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். தன் இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டாள். அவள் யாரைப் பார்த்து அப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அவர் வெளியே பாடையில் இருந்தார்.

வாய்க்கரிசி போடும்போது அவள் அவர் காதருகே குனிந்து, "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெயர் சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை, எதையும் நினைவுபடுத்தவில்லை. உடைந்த கையால் கன்னத்தைத் தடவிவிட்டு நகர்ந்துவிட்டாள். முப்பத்தொன்பது நாளாக நான் சொன்னதும் அதுவும் ஒன்றே இல்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "கடைசியா என்னையக் கேட்டாராம்மா?"

"இல்ல சாமி" என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

சிவஞானம் ஐயாவும் மன்றத்துக்காரர்கள் இரண்டு பேரும் காலையில் துக்கம் கேட்க வந்தார்கள். நான் வீட்டை விட்டு வெளியே போக முடியாது, பேச முடியாது. "பரவாயில்லீங்கம்மா. அந்த நோட்டைக் குடுங்க. நீங்க எழுதுனதை அப்படியே வாசிக்கறோம். இதை விடப் பெரிய பேச்சு என்ன இருக்குது" என்றார் ஐயா.

நான் வாயைத் திறக்கும் முன்னால் சுகந்தி, "அம்மா எழுதுனதை நானே வந்து வாசிக்கறனுங்க. அப்பாவுக்கு நான் செஞ்சதா இருக்கட்டும்" என்றாள். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு மணிக்கு விழா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது மணி இரண்டு. சுகந்தி உள்ளறையில் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். எட்டு வருஷம் கழித்து அந்தக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். எத்தனை இடத்தில் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறார்கள். அடுப்பில் போட்டுவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். சுகந்தி நம்புவாள். நான் சொன்னதை எல்லாம் அவள் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுந்து அடுப்பு வரைக்கும் போனேன், தீப்பெட்டியும் எடுத்தேன்.

இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பார்கள். இதில் செத்தவர் பங்கு பாதிதான்.

சுகந்தி, இதை மண்டபத்தில் நானூறு பேருக்கு முன்னால் நீ முதல் முதலாகப் படிக்கக் கூடாது. இங்கே, நான் உட்கார்ந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்து படி. நான் அவர் படுத்திருந்த கட்டிலில் உட்காருகிறேன். நான் கண்ணை மூட மாட்டேன். அவர் உன்னைக் கேட்டார். ஜூன் 28-ஆம் தேதி கேட்டார், ஜூலை 22-ஆம் தேதி கேட்டார், எழுதாமல் விட்ட நாட்களிலும் கேட்டார். படித்து முடித்துவிட்டு மண்டபத்துக்குப் போவதோ ஓசூருக்குப் போவதோ உன் பாடு. என்னை மயிலாத்தாள் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன கேட்க வேண்டுமோ கேள். போட்டோ பீரோவின் கீழ்த்தட்டில், கூறைச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

பின்னல் முடித்துவிட்டாள் போலிருக்கிறது, வருகிற சத்தம் கேட்கிறது.

கோபம் உண்டு. முதல் நாளிலிருந்தே இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது.